கண்ணைக் கடைசியில் வையுங்கள்: சிறுவர் பாட்டில் ஐம்புலன்களை எழுதும் முறை

கையில் கிடைக்கும் சிறுவர் பாட்டுத் தொகுப்பு ஒன்றில் பத்துப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்தப் புலனைத் தொடுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலான ஓரங்களில் ‘கண்’, ‘கண்’, ‘கண்’ என்றுதான் விழும். பச்சைக்கிளி, வெள்ளை முயல், வட்ட நிலா, வண்ணப் பூ என்று நிறமும் வடிவமுமே வரும். நடுவில் ஒரு ‘காது’ வந்தால் அது பெரும்பாலும் குயிலாக இருக்கும். மூக்குக்கும் நாக்குக்கும் விரலுக்கும் மிகக் குறைவாகவே எழுதுகிறோம்.

எழுதுகிற பெரியவர் பொருளைத் தள்ளி நின்று பார்க்கிறார். குழந்தை அப்படி இருப்பதில்லை. அமுக்கும், நக்கும், முகரும், காதோரம் வைத்து ஆட்டும், அதன்பின் உடைத்து உள்ளே என்ன என்று பார்க்கும். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவு வாரியாக அடுக்கும்போது உற்றறிதலை, அதாவது தொட்டு அறிவதை, முதலிலும், பிறகு நா, மூக்கு, கண், செவி என்றும் வைக்கிறது. அந்த அடுக்கு சிறுவர் பாட்டைப் பற்றியதல்ல. ஆனால் சிறுவர் பாட்டு எழுத உட்காருபவருக்கு நல்ல வேலை வரிசையாக அமைகிறது. இந்தக் கட்டுரை ஒரே ஒரு மாற்றத்தோடு அதைப் பின்பற்றுகிறது: தொடுகை முதலில், கண் கடைசியில்.

புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி, சோறு உண்ணும் குழந்தையைக் காட்டுவார்:

குறுகுறு நடந்து சிறுகை நீட்டி
இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்
நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்

அது பெரியவர்களுக்கான பாட்டு. இருந்தாலும் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். நடக்கிறது, நீட்டுகிறது, இடுகிறது, தொடுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, உடம்பெல்லாம் சிதறுகிறது. மூன்று வரியில் ஏழு வினை. குழந்தை அழகு என்றோ சோறு சுவை என்றோ ஒரு சொல் இல்லை. ஆனாலும் நெய்ச்சோற்றின் பிசுபிசுப்பு நம் கையில் ஒட்டுகிறது. புலனை எழுப்புவது பெயரடை இல்லை, வினைதான். இது ஒன்று பிடிபட்டால் மீதியெல்லாம் பயிற்சி.

எதைப் பற்றி எழுதுவது

தலைப்பு சிறிதாக இருக்க வேண்டும். ‘மழைக்காலம்’ பெரிய தலைப்பு. ‘ஓட்டைக் குடை’ சரியான அளவு. ‘பள்ளிக்கூடம்’ பெரிது, ‘பென்சில் சீவல்’ போதும். தேர்ந்தெடுத்த பொருளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாட்டைக் கேட்கப்போகும் பிள்ளை அதை அண்மையில் கையில் எடுத்திருக்குமா? கண்ணைத் தவிர இன்னும் இரண்டு புலனுக்காவது அதில் வேலை இருக்கிறதா? அந்தப் பொருள் மாறுகிறதா, அதாவது உருகுகிறதா, உடைகிறதா, தீர்கிறதா, பொங்குகிறதா?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. மாறுகிற பொருளில் கதை தானாக இருக்கிறது. அப்பளம் பொரியும்போது உப்புகிறது. குச்சி ஐஸ் உருகி மணிக்கட்டில் வழிகிறது. சோப்பு நுரை உடைகிறது. பஞ்சுமிட்டாய் வாயில் வைத்ததும் காணாமல் போகிறது. இவற்றில் எதை எடுத்தாலும் பாட்டுக்குத் தொடக்கமும் முடிவும் கிடைத்துவிடும். ரோஜாப்பூவை எடுத்தால் அது சும்மா இருக்கும், நீங்கள்தான் அதைப் புகழ்ந்துகொண்டிருக்க வேண்டியிருக்கும்.

சென்னையிலோ கோவையிலோ அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு வைக்கோல் போரின் சுணை தெரியாது. ஆனால் லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றுக்குள் ஒரு தூக்கல் வருமே, அது நன்றாகத் தெரியும். குக்கர் விசில், வெயிலில் நின்ற பைக்கின் சுடும் சீட்டு, மழையில் நனைந்த காலுறை, புது நோட்டைப் பிரிக்கும்போது வரும் வாசனை எல்லாம் பாட்டுக்கு உரியவையே. கிராமத்துப் பொருள்தான் கவிதைக்கு ஏற்றது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். கேட்கும் பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிற பொருள்தான் ஏற்றது.

பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்

நினைவிலிருந்து எழுதினால் ஏற்கெனவே படித்த பாட்டுகள்தான் பேனாவில் வரும். பொருளை வாங்கி வந்து மேசையில் வையுங்கள். ஒரு தாளை ஐந்தாகப் பிரித்து தோல், நாக்கு, மூக்கு, காது, கண் என்று இந்த வரிசையில் தலைப்பிடுங்கள். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பேசுகிற தமிழிலேயே குறியுங்கள், சரிபார்ப்பது பிறகு. ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு வினை இருக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பான விதி. ‘வழவழப்பு’ என்று எழுதினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ‘விரலில் நிக்காம வழுக்குது’ என்று எழுதினால் முடிந்தது.

நுங்கை எடுத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசியில் தெருவோரத்தில் குவித்து வைத்துச் சீவித் தருவார்கள். அதற்கான தாள் இப்படி நிறையும்:

தோல்: கட்டைவிரலைக் குத்தினால் மேலே இறுக்கமாக இருந்து சட்டென்று உள்ளே போகுது. சில்லுன்னு இருக்கு. சுளை நழுவுது. தண்ணி மூக்கில் தெறிக்குது, முழங்கை வரை வழியுது. காய்ந்ததும் விரலிடுக்கு ஒட்டுது.

நாக்கு: தண்ணி லேசா இனிக்குது. தோலோடு மென்றால் துவர்ப்பு நாக்கை இழுக்குது. முற்றின சுளை பல்லில் ரப்பர் மாதிரி துள்ளுது.

மூக்கு: சீவின மட்டையில் பச்சை வாசனை வருது. சுளையில் வாசனை பெரிசா இல்லை.

காது: அரிவாள் ‘சரக்’. விரல் போகும்போது ‘பொளக்’. உறிஞ்சும்போது ‘சர்ர்’.

கண்: பெரும்பாலும் மூணு கண்ணு இருக்கு. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியுது.

மூக்குக்கு இங்கே வேலை குறைவு. அதனால் நுங்குப் பாட்டில் வாசனை வராது. ஐந்தையும் நிரப்பியாக வேண்டும் என்று வலிந்து ‘கமகம நுங்கு’ என்று எழுதினால் நுங்கு தின்ற பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும், அதன்பிறகு உங்கள் மற்ற வரிகளையும் அது நம்பாது.

கழிப்பது

தாளில் பதினைந்து குறிப்பு இருந்தால் பாட்டுக்கு ஐந்தாறு போதும். யாருக்கும் முதலில் தோன்றக்கூடியதை அடியுங்கள்: ‘சில்லுன்னு இருக்கு’ அப்படிப் போக வேண்டியது. கூல்டிரிங்ஸும் சில்லென்றுதான் இருக்கும், மோரும் அப்படித்தான். நுங்குக்கு மட்டுமே உரியதை வையுங்கள்: கட்டைவிரல் குத்துவது, முழங்கை வரை வழிவது, சுளை நழுவுவது. பிள்ளையின் உடம்பில் நடக்கும் குறிப்புக்கு எப்போதும் முதலிடம். பாட்டின் ஒரு பத்திக்கு இரண்டு புலனுக்கு மேல் வேண்டாம். மூன்று, நான்கு என்று நெருக்கினால் எதுவும் மனதில் நிற்பதில்லை. கேட்பவர் ஒன்றை உணர்வதற்குள் அடுத்தது வந்து அதை அழித்துவிடும்.

வரைவு

தாளைப் பார்க்காமல் எழுதினால் நுங்குப் பாட்டு இப்படி வரும்:

அழகான நுங்கு
அருமையான நுங்கு
வெள்ளை நிற நுங்கு
வெயிலுக்கு ஏற்ற நுங்கு

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ‘நுங்கு’ இருக்கும் இடத்தில் ‘மோர்’ என்று போட்டுப் படியுங்கள். நான்கு வரியும் அப்படியே நிற்கும். பெயரை மாற்றியும் பாட்டு நிற்கிறது என்றால் அதற்குள் பொருளே இல்லை என்று அர்த்தம். தாளிலிருந்து எழுதியது:

சரக் சரக் அரிவாள்
சீவிப் போட்ட நுங்கு
மூணு கண்ணு முழிக்குது
முதல் கண்ணு எனக்கு!

கட்டை விரலைக் குத்தினேன்
பொளக்! உள்ளே போயிருச்சு
மூக்கு நுனியில் தண்ணி
முழங்கை வரைக்கும் தண்ணி

வழுக்கி வழுக்கி ஓடுது
வாய்க்குள் வந்து குதிக்குது
உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேன்
ஓட்டில் ஒண்ணும் இல்லை!

ஒவ்வொரு வரியிலும் மூன்று சீர். கை தட்டிக்கொண்டே சொல்லலாம், எங்கும் தடுக்காது. ‘அழகு’, ‘இனிமை’, ‘குளுமை’ எதுவும் இல்லை. பெயரடை என்று பார்த்தால் ‘மூணு’, ‘முதல்’ என்ற எண்கள் மட்டும்தான். கண்ணுக்கு உரிய வரி ஒன்றே ஒன்று, அதிலும் நுங்கு சும்மா தெரியவில்லை, முழிக்கிறது. எதுகை, மோனை போன்ற தொடைகளை நெருக்கிப் போடவில்லை: மூணு – முதல், மூக்கு – முழங்கை, வழுக்கி – வாய்க்குள், உறிஞ்சி – ஓட்டில் என்று முதல் எழுத்து ஒத்துவரும் மோனை மட்டும் இணை வரிகளைக் கட்டுகிறது. உகரத்துக்கு ஓகாரம் மோனையாக வரும் என்பதால் கடைசி இணையும் பொருந்துகிறது. சிறுவர் பாட்டில் எதுகையைவிட மோனை நம்பகமானது. எதுகை தேடும்போது இரண்டாம் எழுத்துக்காகத் தேவையில்லாத சொல் உள்ளே வந்து, தாளில் நீங்கள் பிடித்த உணர்வை வெளியே தள்ளிவிடும்.

துவர்ப்பு இந்தப் பாட்டில் இல்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு வேகமாக ஓட வேண்டும். ஒன்பது வயதுக்கு எழுதினால் நடுவில் ஒரு இணை சேர்க்கலாம்:

தோலைச் சேர்த்து மென்னேன்
துவர்ப்பு நாக்கை இழுக்குது

பிடிக்காத சுவையும் பாட்டில் வரட்டும். இனிப்பு மட்டுமே உள்ள பாட்டைவிட, இனிப்புக்குப் பக்கத்தில் ஒரு துவர்ப்போ கசப்போ இருக்கிற பாட்டு உண்மையாக ஒலிக்கும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று ஆறு சுவைக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. சிறுவர் பாட்டில் அவற்றில் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. புளியங்காயைக் கடித்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்வது எந்தக் கற்கண்டு வரியையும்விட நல்ல வரி.

பேச்சு வழக்கு வேண்டுமா, எழுத்து வழக்கு வேண்டுமா என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ‘மூணு’ என்று தொடங்கிவிட்டு ‘அருந்தினேன்’ என்று முடித்தால் இரண்டு பேர் பேசுவது போல இருக்கும். உடம்பு சார்ந்த சொற்கள் பேச்சு வழக்கில்தான் உயிரோடு இருக்கின்றன என்பதால் இந்த வகைப் பாட்டுக்குப் பேச்சுத் தமிழ் பொருந்தும். பாடப்புத்தகத்துக்கு எழுத்து வழக்கு தேவை என்றால் ‘மூன்று’, ‘தண்ணீர்’ என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றியபின் மறுபடி கை தட்டிப் பாருங்கள். ‘தண்ணி’ முடிவில் குறிலாக நின்று டக்கென்று வெட்டும், ‘தண்ணீர்’ நீளும். வரியின் ஓட்டம் மாறிவிடும்.

ஒலிக்குறிப்புச் சொற்கள்

இரட்டைக்கிளவி தமிழில் எழுதுபவருக்குக் கிடைத்த செல்வம். அதனாலேயே அளவு மீறிச் செலவாகிறது. நான்கு வரிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சலசல ஓடை, கலகல சிரிப்பு, பளபள நிலா, கமகம பூ’ என்று அடுக்கினால் காதில் ஓசை மட்டும் மிஞ்சும், எதுவும் தெரியாது.

எண்ணிக்கையைவிட முக்கியம் சரியான சொல்லைப் பிடிப்பது. மழை என்றதும் ‘சடசட’ என்று கை போகும். ஓலைக்கூரையில் விழும் மழை வேறு, தகரத்தில் விழும் மழை வேறு, குடைத்துணியில் விழும் மழை வேறு. தகரத்துக்குத் ‘தடதட’ பொருந்தும், குடைக்குப் ‘படபட’. தொடுகைக்கும் அப்படியே. சொரசொர, நெருநெரு, பிசுபிசு, கொழகொழ, வழவழ, புசுபுசு எல்லாம் வெவ்வேறு. வெண்டைக்காய் நறுக்கினால் கொழகொழ, வெல்லப்பாகு பட்டால் பிசுபிசு, சோற்றில் மண் இருந்தால் நெருநெரு, பூனைக்குட்டியின் வயிறு புசுபுசு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பிள்ளை திருத்திவிடும்.

புதிதாக ஒலி படைக்கலாம். ‘பொளக்’ அகராதியில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அதைச் சோதிப்பது எப்படி? பாட்டைச் சொல்லாமல் அந்த ஒலியை மட்டும் மூன்று பேரிடம் சொல்லி, ‘எது எதுக்குள்ளே போகுது?’ என்று கேளுங்கள். ஈரமான, மெத்தென்ற ஏதோ ஒன்று என்று இருவராவது சொன்னால் வைத்துக்கொள்ளலாம். ‘இரும்பு’ என்று பதில் வந்தால் மாற்றுங்கள்.

சாதாரணச் சொற்களின் எழுத்தொலிக்கும் தொடுகை உண்டு. வல்லினம் கடினம், மெல்லினம் மென்மை என்று பள்ளியில் படித்தது பாதி உண்மை. சொல்லின் நடுவில் தனியாக வரும் வல்லினம் தமிழில் குழைந்துவிடுகிறது: ‘பாடம்’, ‘அகம்’ என்று சொல்லிப் பாருங்கள். கடினம் வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும்: குத்து, வெட்டு, நொறுக்கு, சுருக்கு. மெத்தென்ற உணர்வுக்கு ங்க, ஞ்ச, ந்த, ம்ப: பஞ்சு, தும்பி, கொஞ்சு. வழுக்கலுக்கு ல, ள, ழ. நுங்குப் பாட்டில் ‘கட்டை விரலைக் குத்தினேன்’ என்ற வரியில் ட்ட, த்த இரண்டும் அமுக்குகின்றன. ‘வழுக்கி வழுக்கி’ என்ற இடத்தில் நாக்கே வழுக்குகிறது. எழுதும்போது இதையெல்லாம் கணக்குப் போட வேண்டாம். திருத்தும்போது ஒரு வரி ஏன் உறுத்துகிறது என்று தெரியாவிட்டால் இங்கே தேடுங்கள்.

வாசனை

ஐந்தில் கடினமானது இதுதான். ‘நறுமணம்’ என்ற சொல்லால் எந்த மூக்கும் விரிவதில்லை. வாசனையை வாசனைச் சொல்லால் எழுத முடியாது, அது எங்கிருந்து வருகிறதோ அதைச் சொல்லித்தான் எழுத முடியும். தாளிக்கும் கடுகு, இஸ்திரி போட்ட சட்டை, மழையில் நனைந்த நாய், புதுச் செருப்பு, மூடி வைத்த டிபன் பாக்ஸ். பெயரைச் சொன்னாலே வாசனை வந்துவிடும், மேலே பெயரடை வேண்டாம். அதற்கு ஒரு நடையும் கொடுங்கள்: வாசனை மாடிப்படி ஏறி வரட்டும், ஜன்னலில் எட்டிப் பார்க்கட்டும், போர்வைக்குள் நுழையட்டும்.

சீவச் சீவச் சுருளுது
சின்னப் பூவாய் விரியுது
மூக்கில் வைத்துப் பார்த்தேன்
மரமே வந்து நிக்குது

பென்சில் சீவலுக்கு இவ்வளவு போதும். ‘மணக்குது’ என்ற சொல்கூட வரவில்லை.

தமிழில் கெட்ட வாசனைக்குச் சொற்கள் அதிகம்: வாடை, வீச்சம், கவுச்சி, ஊசல், மக்கல், காந்தல். பிள்ளைகளுக்கு இவை மிகவும் பிடிக்கும், தாராளமாக எழுதலாம். ஒரு எல்லை மட்டும் உண்டு. கெட்ட வாசனையை எந்த வீட்டுச் சாப்பாட்டோடும், எந்தத் தொழிலோடும், எந்தத் தெருவோடும் சேர்க்காதீர்கள். கருவாட்டு வாசனையை ‘ச்சீ’ என்று எழுதிய பாட்டை ஒரு வகுப்பில் பாடினால், வீட்டில் நேற்று கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அது பசியைக் கிளப்பும் வாசனை. கூடப் படிப்பவர்கள் சிரிக்கும்போது அது தன் டிபன் பாக்ஸை மூடிக்கொள்ளும். சிறுவர் பாட்டால் செய்யக்கூடிய தீங்குகளில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை. கருவாடு வேண்டுமானால் அதை விரும்பும் வாயிலிருந்து எழுதுங்கள். ஊசல் வாடை வேண்டுமானால் பைக்குள் மறந்துபோன வாழைப்பழத்தை எழுதுங்கள்.

உவமை

உவமானம், பொருளைவிடப் பிள்ளைக்கு நெருக்கமானதாக இருக்க வேண்டும். ‘பனிபோல் குளிர்ந்த’ என்றால் பனியைத் தொட்டிராத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ‘ஃபிரிட்ஜ் கதவைத் திறந்த மாதிரி’ என்றால் தெரியும். ‘பட்டுப்போல் மென்மை’ என்பதும் அப்படியே: பட்டுப்பாவாடை போட்ட பிள்ளைக்கு ஜரிகை குத்துவதுதான் நினைவிருக்கும்.

ஒரு புலனை இன்னொரு புலனால் சொல்வது பிள்ளைகளுக்கு இயல்பாக வரும். சோடா மூக்கைக் குத்துகிறது. மரத்துப்போன காலுக்குள் சோடா ஊற்றிய மாதிரி இருக்கிறது. இந்த மாதிரி இணைப்பு பாட்டுக்கு ஒன்று இருந்தால் போதும், அது மட்டும் நெடுநாள் நினைவிருக்கும்.

ஐந்தோடு நின்றுவிடவும் வேண்டாம். கிறுகிறுப்பு, பசி, கூச்சம், கனம், ஊஞ்சல் கீழே வரும்போது வயிற்றில் எழும் காற்று இவையெல்லாம் உடம்புக்குள் நடப்பவை. கைக்குழந்தையைச் சாய்த்து ஆட்டும் பாட்டும் கை வீசிப் பாடும் பாட்டும் தலைமுறைகளைத் தாண்டி வந்ததற்குக் காரணம் அவற்றின் பொருள் அல்ல, அவை உடம்பை அசைக்கின்றன என்பதே.

வயது

மூன்றிலிருந்து ஐந்து வரை: வரிக்கு இரண்டு சீர், நான்கு முதல் ஆறு வரி, ஒரே ஒரு புலன், நிறையத் திருப்பிச் சொல்லல். இந்த வயதில் ‘ர’வும் ‘ழ’வும் பலருக்கு முழுதாக வந்திருக்காது, அந்த எழுத்துகளை அடுக்காதீர்கள். ஆறிலிருந்து எட்டு வரை: மூன்று சீர், எட்டு முதல் பன்னிரண்டு வரி, இரண்டு மூன்று புலன். ஒன்பதுக்கு மேல் நான்கு சீர் தாங்கும், நீளமும் பிரச்சினை இல்லை. அந்த வயதில் புலனோடு ஒரு எண்ணமும் சேரலாம், ஆனால் புலன் முன்னே வர வேண்டும்.

படத்தோடு வரும் பாட்டு என்றால் கண்ணின் வேலையை ஓவியருக்கு விட்டுவிடுங்கள். பந்து சிவப்பு என்று ஓவியம் காட்டிவிடும். அது சுவரில் பட்டுக் கையில் திரும்பி வரும்போது உள்ளங்கை எரிவதை ஓவியத்தால் காட்ட முடியாது. அது உங்கள் வரி.

பிள்ளைகளை எழுத வைக்கும்போது

பன்னிரண்டு முதல் பதினைந்து பிள்ளைகள், ஒரு பாடவேளை, ஒரு துணிப்பை. பைக்குள் ஐந்தாறு பொருள்: தேங்காய் நார், கூழாங்கல், காய்ந்த பீர்க்கங்கூடு, ஈர ஸ்பாஞ்ச், சோளத்தட்டை, பழைய டென்னிஸ் பந்து. கூரானதும் உடைவதும் வேண்டாம். குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் விதை கொடிய நஞ்சு. பைக்குள் போகவே கூடாது. சிறு பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்ளும் என்பதால் புளியங்கொட்டை போன்ற சின்னவற்றையும் தவிர்க்கவும்.

ஒரு பிள்ளை கையை மட்டும் உள்ளே விடும். பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது. ‘நல்லா இருக்கு’, ‘சூப்பரா இருக்கு’ இரண்டும் செல்லாது. முதலில் ‘எது மாதிரி இருக்கு?’ என்று கேளுங்கள். பதில் வந்ததும் ‘அது உன் கையை என்ன பண்ணுது?’ என்று கேளுங்கள். பாட்டுக்கான வரி இரண்டாவது கேள்விக்குத்தான் வரும். ‘சொரசொரன்னு இருக்கு’ என்று முதலில் சொன்ன பிள்ளையால் அடுத்த கேள்விக்கு ‘கையைப் பிடிச்சு இழுக்குது’ என்று சொல்ல முடியும். வந்ததை வந்தபடியே கரும்பலகையில் எழுதுங்கள். அங்கேயே இலக்கணம் திருத்தினால் அடுத்த பிள்ளை பாதுகாப்பான, செத்த வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகும்.

வாசனைக்குச் சிறு டப்பாக்களில் பஞ்சில் சுற்றிய காப்பித்தூள், ஓமம், கசக்கிய கற்பூரவல்லி இலை, மருக்கொழுந்து வைக்கலாம். கற்பூரமும் பூச்சி உருண்டையும் விழுங்கினால் ஆபத்து, வேண்டாம். மிளகாய்த்தூள், மிளகுத்தூள் போன்றவற்றை முகர வைக்கவே கூடாது. மூன்று டப்பாவுக்கு மேல் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் எல்லாம் ஒன்றாகத் தெரியும், நடுவில் ஜன்னலோரம் போய்வர விடுங்கள். சாப்பிடக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வாமை பற்றி முன்னாளே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள், குறிப்பாக நிலக்கடலை, பால், முந்திரி.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தப் பயிற்சியில் அது மற்றவர்களைவிட முன்னே நிற்கக்கூடும். பிசுபிசுப்பான பொருளைத் தொடவே முடியாத பிள்ளைகளும் இருப்பார்கள். வற்புறுத்த வேண்டாம், காதுக்கான வேலையை அவர்களுக்குக் கொடுங்கள்.

எங்கே கெடுகிறது

பெரும்பாலும் கடைசி இரண்டு வரியில். முழங்கை வரை தண்ணீர் வழிந்த பாட்டு, ‘உடல்நலம் காக்கும் நுங்கு, உண்டு நாமும் வாழ்வோம்’ என்று முடியும். அந்த இடத்தில் பாட்டு பிள்ளையின் கையை விட்டுவிட்டு பெரியவரைப் பார்க்கத் திரும்பிவிடுகிறது. கடைசி இரண்டு வரியைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மேலே உள்ளவை நிற்கின்றன என்றால் மறைத்ததை அடித்துவிடலாம்.

அடுத்தது, உணர்வின் பெயரைச் சொல்லிவிடுவது. ‘மகிழ்ச்சியாக உண்டேன்’ என்றால் மகிழ்ச்சி வராது. ‘ஓட்டில் ஒண்ணும் இல்லை’ என்னும்போது ஏமாற்றமும் இன்னொன்று வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்தே வருகின்றன. எழில், இன்பம், வண்ணமயம் போன்ற சொற்கள் வரைவில் இருந்தால் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் இடத்திலும் தாளிலிருந்து ஒரு வினையை வையுங்கள். சீருக்காகச் சொல்லை இழுப்பதும் கெடுக்கும். ‘நுங்கினையே’, ‘தண்ணியதே’ என்று அசை நிரப்பினால் பேச்சின் ஓசை போய்விடும். வரியையே மாற்றி எழுதுவது நல்லது.

முடித்ததும் படம் காட்டாமல், கையால் நடிக்காமல், ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒருமுறை வாசியுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். உடம்பைக் கவனியுங்கள். ‘முழங்கை’ என்னும்போது யாராவது முழங்கையைத் தொடுகிறார்களா, ‘துவர்ப்பு’ என்னும்போது முகம் சுளிக்கிறதா, கட்டைவிரல் அசைகிறதா என்று பாருங்கள். எந்த வரியில் யாரும் அசையவில்லையோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அதே பிள்ளைகளிடம் நினைவிருக்கும் வரியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் மாற்றிச் சொல்லும் இடங்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ‘பொளக்’கை ஒரு பிள்ளை ‘புளுக்’ என்று சொன்னால், இரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, நுங்குக்கு எது நெருக்கமோ அதைப் பாட்டில் வையுங்கள்.